ஒன்றரை மணிக்கு யார் போவது? மட்டக்களப்பில் வேலைக்குப் போகும் பெற்றோருக்கான பாடசாலைப் பயண வழிகாட்டி

போன வருடம் ஒரு செவ்வாய்க்கிழமை, பகல் ஒரு மணிக்குக் கிட்ட, தெரியாத இலக்கத்திலிருந்து எனக்கு ஒரு கோல் வந்தது. பாடசாலைக் காவலாளி. "மகன் இன்னும் இங்கதான் இருக்கார் ரீச்சர்" என்றார். நான் ரீச்சர் இல்லை, செங்கலடியில் ஓர் அரச அலுவலகத்தில் வேலை. ஆனால் எங்கள் பக்கம் காலையில் சேலை கட்டிக்கொண்டு போகிற எல்லாரும் ரீச்சர்தான். மகன் அப்போது தரம் 1. அவனுக்கு 11.30-க்கே விட்டுவிடும். வழமையாக ஏற்றுகிற ஓட்டோ நானாவுக்கு (முஸ்லிம் அண்ணன்மாரை எங்கள் பக்கம் நானா என்போம்) அன்றைக்கு வைத்தியசாலைக்குப் போகிற அலுவல். முதல்நாள் இரவே என் கணவரிடம் சொல்லியிருக்கிறார். கணவர் அதை என்னிடம் சொல்லியிருக்கிறார், நான் குளித்துக்கொண்டிருந்தபோது கதவுக்கு வெளியே நின்று.

ஸ்கூட்டியை விரட்டிக்கொண்டு நான் போய்ச் சேர்ந்தபோது பெரிய வகுப்புப் பிள்ளைகள் வெளியே வந்துகொண்டிருந்தார்கள். மகன் காவலாளியின் கதிரையில் கால் எட்டாமல் உட்கார்ந்து அவருடைய பிஸ்கட்டைத் தின்றுகொண்டிருந்தான். அழவில்லை. என்னைக் கண்டதும், "அம்மா, நான் இப்ப பெரிய வகுப்பா?" என்று கேட்டான்.

அன்றிரவு நானும் கணவரும் ஒரு சீ.ஆர். கொப்பியை விரித்து வைத்துக்கொண்டு முதல் தடவையாக ஒழுங்காக உட்கார்ந்து யோசித்தோம். அந்தக் கொப்பியில் இருப்பதும், பிறகு அடிபட்டுக் கற்றுக்கொண்டதும்தான் கீழே இருப்பவை. எங்கள் வீடு ஆரையம்பதி. கணவருக்குக் கல்முனையில் வேலை, எனக்குச் செங்கலடியில். பிள்ளைகள் இரண்டு பேரும் படிப்பது நகரத்தில். மகள் தரம் 8, மகன் இப்போது தரம் 2. உங்கள் ஊரும் வேலையும் வேறாக இருக்கலாம், கணக்குப் போடுகிற முறை ஒன்றுதான்.

படி 1: காலையை விட்டுவிட்டுப் பகலில் இருந்து தொடங்குங்கள்

பாடசாலைப் பயணம் என்றதும் எல்லாரும் காலை ஆறரை மணி அமளியைத்தான் சொல்வார்கள். அமளிதான், ஆனால் அந்த நேரம் வீட்டில் எல்லாரும் இருக்கிறோம். புட்டு அவியாவிட்டால் பாண் இருக்கிறது. எப்படியோ ஏழே காலுக்கு வாசலில் இறக்கிவிடுகிறோம். பகல் அப்படியில்லை. பிள்ளை புத்தகப்பையோடு வெளியே வருகிற நேரம் அம்மா ஒரு திக்கில், அப்பா ஒரு திக்கில்.

அதனால் கொப்பியில் முதலில் எழுத வேண்டியது பிள்ளை வெளியே வருகிற நேரம். பொதுவாகப் பாடசாலை 7.30-க்குத் தொடங்கி 1.30-க்கு முடியும். சின்ன வகுப்புகளுக்கு முந்தியே விடும். எங்கள் மகனுக்கு 11.30. தரம் 1-இன் தொடக்கக் கிழமைகளில் இன்னும் முந்தி. இதை ஊகிக்க வேண்டாம். தவணை தொடங்கிய முதல் நாளே வகுப்பாசிரியரிடம் கேட்டு எழுதுங்கள். அதற்கு எதிரே, நீங்கள் பிள்ளையின் கையைப் பிடிக்கக்கூடிய நேரத்தை எழுதுங்கள். வேலை முடிகிற நேரத்தை எழுதினால் கணக்குப் பிழைக்கும். அரச அலுவலகம் 4.15-க்கு விடும். கையெழுத்து வைத்து, ஸ்கூட்டியை எடுத்து, ஏறாவூர்ச் சந்தடியைத் தாண்டி, நகரத்தைத் தாண்டி ஆரையம்பதி வர எனக்கு 5.15 ஆகிவிடும். 11.30-இல் இருந்து 5.15 வரை ஐந்தே முக்கால் மணித்தியாலம். மகளுக்கு மூன்றே முக்கால். இந்த இரண்டு எண்களைத்தான் நாங்கள் கொப்பியில் சிவப்பால் வட்டமிட்டோம். மற்ற எல்லாமே இந்த இடைவெளியை நிரப்புகிற வேலை.

அலுவலகக்காரர் அல்லாதவர்களுக்குக் கணக்கு வேறு. தாதியர்களுக்குக் காலை 7 மணிக் கடமை என்றால் பாடசாலை வாசலுக்கே போக முடியாது, ஆனால் பகல் 1 மணிக்கு முடிகிறபடியால் 1.30-க்கு நிற்கலாம். அடுத்த நாள் 1 மணிக்குக் கடமை என்றால் எல்லாம் தலைகீழ். கடமைப் பட்டியல் கைக்கு வந்த அன்றே பிள்ளையின் நாட்களையும் அதே தாளில் குறித்துக்கொள்கிற ஒரு சிநேகிதி எனக்கு இருக்கிறாள். பட்டியலில் கடமை மாற்றிக்கொள்ள யாராவது கேட்டால், முதலில் அந்தத் தாளைப் பார்த்துவிட்டுத்தான் பதில் சொல்வாள்.

ஆசிரியர்கள் வீட்டில் பிரச்சினை பகலில் இல்லை, காலையில். நகரத்தில் இருந்து வாவிக்கு மேற்கே படுவான்கரைப் பாடசாலைக்குப் போகிற ஆசிரியர் 7.30-க்கு முன் வரவுப் பதிவேட்டில் கையெழுத்து வைக்க வேண்டும். பிந்தினால் சிவப்புக் கோட்டுக்குக் கீழேதான். அப்படியென்றால் சொந்தப் பிள்ளையை ஆறரைக்கு இறக்க வேண்டும், அந்த நேரம் பாடசாலைக் கதவு திறந்திருக்குமா என்பதே கேள்வி. இந்த வீடுகள் காலைக்கு ஓர் ஆளைத் தேட வேண்டும்.

படி 2: கிலோமீற்றரை எண்ணாதீர்கள், பாலத்தை எண்ணுங்கள்

மட்டக்களப்பில் தூரம் என்பது ஏமாற்று வேலை. வாவி ஊரை வெட்டிப் போட்டிருக்கிறது. புளியந்தீவு பெயருக்கு ஏற்றபடி தீவுதான். தெற்கில் இருந்து வருகிறவர்கள் எல்லாரும் கல்லடிப் பாலத்தில் ஏற வேண்டும். வடக்கே போகிறவர்களுக்குக் கோட்டைமுனை. ஏழு மணிக்கும் ஏழரைக்கும் இடையில் பாலத்தில் ஏறினால் முன்னால் போகிற வானின் வேகம்தான் உங்கள் வேகம்.

1924-இல் கட்டிய பழைய இரும்புப் பாலம் மட்டும் இருந்த காலத்தில் நான் பாடசாலை மாணவி. ஒரு நேரத்தில் ஒரு பக்க வாகனம்தான் போகும். மறுபக்கம் விடும்வரை வரிசையில் நிற்போம். பிந்தி வந்ததற்கு "பாலம் ரீச்சர்" என்று சொன்னால் யாரும் மேற்கொண்டு கேட்க மாட்டார்கள். 2013-இல் பக்கத்தில் புதிய பாலம் திறந்த பிறகு அந்தச் சாட்டு போய்விட்டது. ஆனாலும் காலையில் ஒரே பாலத்தை இரண்டு தரம் கடக்கிற மாதிரித் திட்டம் போட்டால் அந்தத் திட்டம் ஒரு கிழமைகூட நிற்காது.

எனவே எங்கள் விதி இது. யாருடைய வேலைப் பாதையில் பாடசாலை இருக்கிறதோ அவர் காலை. நான் செங்கலடிக்கு நகரத்துக்குள்ளால்தான் போகிறேன், அதனால் காலை எனக்கு. கணவர் வீட்டை விட்டு இறங்கியதும் தெற்கே திரும்பி, களுவாஞ்சிக்குடி தாண்டிக் கல்முனைக்குப் போய்விடுவார். அவர் பிள்ளைகளை நகரத்தில் விட்டுவிட்டுத் திரும்பிப் போவதென்றால் கல்லடிப் பாலம் இரண்டு தரம், காத்தான்குடி இரண்டு தரம். தொடக்கத்தில் "அப்பாதான் பைக்கில் வேகமாகப் போவார்" என்று அப்படித்தான் செய்தோம். நாலாம் நாள் அவர் வேலைக்குப் பிந்திப் போய்ப் பேச்சு வாங்கினார். இப்போது காலை ஓட்டத்துக்குப் பதிலாக அவர் ஐந்தரைக்கு எழும்பி இடியப்பம் அவிக்கிறார். நீதியான பங்கு என்பது இருவரும் சரிபாதி ஓடுவதில்லை என்று எனக்கு அப்போதுதான் விளங்கியது.

பகல் ஆளையும் இதே கண்ணால் தேடுங்கள். பிள்ளையை நிற்பாட்டுகிற இடம் பாடசாலைக்கும் வீட்டுக்கும் இடையில், நீங்கள் மாலையில் திரும்பி வருகிற பாதையில் இருந்தால் பாதி வெற்றி. எங்கள் அம்மா நாவற்குடாவில் இருப்பது எங்கள் அதிர்ஷ்டம்.

படி 3: எதில் ஏற்றுவது

ஸ்கூட்டியிலோ மோட்டார் சைக்கிளிலோ ஒரு பிள்ளை என்றால் பிரச்சினை இல்லை. இரண்டு பிள்ளை என்றால் சட்டப்படி இடமில்லை; பின்னால் ஒருவர்தான். நாங்களும் மகள் பின்னால், மகன் முன்னால் என்று மூன்று பேராகப் போனவர்கள்தான். பொலிஸ் நிறுத்தினால் பேச வாயில்லை. மழை நாளில் ஒருதரம் காத்தான்குடியில், பேரீச்ச மரங்கள் நிற்கிற அந்த நடு வீதியில், ஒரு சைக்கிளுக்காகத் திடீரென்று பிரேக் பிடித்தபோது முன்னால் நின்ற மகனின் வாய் கைபிடியில் அடித்துப் பல் ஆடிப்போனது. பாற்பல் என்பதால் தப்பினோம். அன்றோடு மகளுக்கு வேறு வழி பார்த்தோம். அதைக் கடைசியில் சொல்கிறேன்.

சின்னவர்களை ஏற்றும்போது நான் ஒவ்வொரு நாளும் பார்ப்பவை: அவனுடைய தலைக்கு அளவான ஹெல்மெட், நாடி வார் பூட்டியபடி. என்னுடைய பழைய ஹெல்மெட்டைப் போட்டால் அது அவன் கண்ணை மறைப்பதைத் தவிர ஒன்றும் செய்யாது. சப்பாத்துக் கால் இரண்டும் மிதியில் எட்டுகிறதா என்று பாருங்கள், எட்டாவிட்டால் சில்லுப் பக்கம் தொங்கும். முந்தானையை இடுப்பில் செருகி, சேலைக் கம்பி கழன்றிருக்கிறதா என்று ஒரு பார்வை. புத்தகப்பை பிள்ளையின் முதுகில் இருந்தால் பாலத்தில் காற்றுக்கு அவனைப் பின்னுக்கு இழுக்கும். பையை முன்னால் கொழுவுங்கள்.

ஓட்டோ பகலுக்கு நல்லது. பேசும்போது மூன்று விசயங்களை முதல் நாளே தீர்த்துக்கொள்ளுங்கள். முதலாவது, எத்தனை பிள்ளைகள். பின்னால் மூன்று பேர் இருக்கிற வண்டியில் ஏழு பிள்ளைகளை ஏற்றிக்கொண்டு போவதை நீங்களும் பார்த்திருப்பீர்கள். ஆளைக் கூட்டினால் காசு குறையும் என்பது உண்மைதான், அதற்காக என் மகன் இன்னொரு பிள்ளையின் மடியில் இருந்து கம்பிக்கு வெளியே கை நீட்டிக்கொண்டு போக வேண்டாம் என்று நானாவிடம் சொல்லிவிட்டேன். நாலு பேருக்கு மேல் இல்லை என்று உடன்பட்டோம். சின்னவர்கள் என்றாலும் அது கூடத்தான், ஆனால் அதற்குக் கீழே இறக்க எங்கள் மூன்று வீட்டுக் காசும் இடம் கொடுக்கவில்லை. இரண்டாவது, விடுமுறை மாதத்துக்குக் காசு உண்டா, அரைவாசியா, இல்லையா. ஓகஸ்ட் வந்த பிறகு இதைக் கதைத்தால் மனஸ்தாபம்தான் மிஞ்சும். மூன்றாவது வெள்ளிக்கிழமை. எங்கள் நானா காத்தான்குடிக்காரர்; ஜும்மா நேரத்தில் அவர் பள்ளிவாசலில் இருப்பார். 11.30-க்கு விடுகிற மகனை ஏற்றி இறக்கிவிட்டுப் போய்விடுவார், சரி. 12.30-க்கு விடுகிற வகுப்பில் பிள்ளை இருக்கிறவர்கள் வெள்ளிக்கு வேறு ஆளை முன்கூட்டியே பார்த்து வைக்க வேண்டும். இதை அவரே முதல் நாள் சொன்னார்: "தங்கச்சி, வெள்ளிக்கிழமை பன்னிரண்டுக்குப் பிறகு என்னைக் கணக்கில் வைக்காதீங்க." இப்படி முடியாததை முகத்துக்கு நேரே சொல்கிற ஆளை விடாதீர்கள். எல்லாவற்றுக்கும் "ஓம், ஓம்" என்கிற ஆளைத்தான் நான் பயப்படுவேன்.

வான் என்றால் வருமான அனுமதிப்பத்திரம், காப்புறுதி, சாரதி அனுமதிப்பத்திரம் மூன்றையும் பார்க்கக் கேட்பதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. கதவைத் திறந்து பிள்ளையை இறக்க ஓர் உதவியாளர் இருக்கிறாரா என்று கேளுங்கள். அதைவிட முக்கியம், யாரும் கேட்காத ஒரு கேள்வி: வான் எந்தப் பக்கம் நிற்கும்? கதவு இடப்பக்கம். ஆரையம்பதியில் இருந்து காலையில் நகரத்துக்குப் போகிற வான் வாவிப் பக்கமாக நிற்கும். கடற்கரைப் பக்க வீட்டுப் பிள்ளை வீதியைக் கடந்துதான் ஏற வேண்டும். ஆனால் காலையில் அம்மாவோ அப்பாவோ கையைப் பிடித்துக் கடத்திவிடுவோம். பகலில் திரும்பி வருகிற வான் கடற்கரைப் பக்கமாக நிற்கும். அப்போது வீதியைக் கடக்க வேண்டியது வாவிப் பக்க வீட்டுப் பிள்ளை, அந்த நேரம் கை பிடிக்க வீட்டில் ஆளில்லை. இறங்கிய பிள்ளை வானுக்குப் பின்னால் சுற்றி ஓடி வருவதைக் கல்முனைப் பஸ் காணாது. வாவிப் பக்கத்தில் இருக்கிறீர்கள் என்றால், வான் ஒழுங்கைக்குள் வந்து இறக்குமா, அல்லது உதவியாளர் கடத்திவிடுவாரா என்று பேசி முடித்த பிறகு காசைப் பேசுங்கள்.

பஸ் வசதி கல்முனை வீதியில் தாராளம். பாடசாலைப் பிள்ளைகளுக்கென்றே ஓடுகிற சிசு செரிய பஸ் உங்கள் பாதையில் ஓடினால் அதை முதலில் பாருங்கள். இ.போ.ச. (இலங்கைப் போக்குவரத்துச் சபை) பஸ்சுக்கு மாணவர் சீசன் டிக்கெட் எடுக்கலாம்; அதிபரின் உறுதிப்படுத்தல் வேண்டும், தவணை தொடக்கத்திலேயே விண்ணப்பத்தைக் கொடுத்துவிடுங்கள். சீசன் வைத்திருக்கிற பிள்ளையைக் கண்டால் சில பஸ்கள் தரிப்பிடத்தைத் தாண்டிப் போய் நிற்கும் அல்லது நிற்கவே நிற்காது. அதனால் மகளின் பையில் எப்போதும் இரண்டு பயணத்துக்குச் சில்லறைக் காசு, சின்னப் பொலித்தீன் உறைக்குள்.

படி 4: அந்த ஐந்தே முக்கால் மணித்தியாலம்

அம்மம்மாவோ அப்பம்மாவோ பக்கத்தில் இருந்தால் கேள்வியே இல்லை என்று நினைப்போம். நானும் அப்படித்தான் நினைத்தேன். அம்மாவுக்கு 68 வயது, பிரஷர் இருக்கிறது. கிழமையில் ஐந்து நாளும் ஒரு தரம் 2 பிள்ளையைப் பிடித்து வைத்திருப்பது வேலைதான், அவ அதைச் சொல்ல மாட்டா. இப்போது புதன்கிழமை அம்மாவுக்கு ஓய்வு. அன்றைக்கு மகன் எங்கள் பக்கத்து வீட்டு மாமியிடம். மாமியின் பேரனை வியாழக்கிழமை மாலை ரியூசனுக்கு நான் ஏற்றி இறக்குகிறேன். காசு கைமாறுவதில்லை, ஆனால் கடனும் நிற்பதில்லை.

அம்மா வீட்டில் மூன்று பொருள்களைப் போட்டு வைத்திருக்கிறோம்: மாற்று உடுப்பு இரண்டு சோடி, பல் துலக்கி, காய்ச்சல் மருந்து. சாப்பாட்டை அம்மாதான் சமைப்பா. அதற்கான சாமானை நாங்கள் சனிக்கிழமையே வாங்கிப் போட்டுவிடுவோம். ஓய்வூதியத்தில் பேரனுக்கு மீன் வாங்குகிறா என்று தெரிந்த பிறகு செய்த ஏற்பாடு.

உறவுக்காரர் பக்கத்தில் இல்லாதவர்களுக்குப் பகல்நேரப் பராமரிப்பு நிலையம் ஒரு வழி. சேர்க்கும் முன் ஒரு நாள் சொல்லாமல் பகல் இரண்டு மணிக்குப் போய்ப் பாருங்கள். காலையில் எல்லா இடமும் நன்றாகத்தான் இருக்கும். இரண்டு மணிக்குப் பிள்ளைகள் எங்கே படுத்திருக்கிறார்கள், மின்விசிறி ஓடுகிறதா, வாசல் பூட்டியிருக்கிறதா, வாங்கிப்போக வருகிறவரை யாராவது "நீங்கள் யார்?" என்று கேட்கிறார்களா என்று பாருங்கள். உங்களை ஒருவரும் கேட்காமல் உள்ளே விட்டால் அந்த இடம் வேண்டாம்.

பெரிய பிள்ளைகளைப் பாடசாலையில் இருந்து நேரே ரியூசனுக்கு அனுப்பி இடைவெளியை நிரப்புவது இங்கே பரவலான வழக்கம். தரம் 5 புலமைப்பரிசில் ஆண்டில் அது இன்னும் கூடும். என் அபிப்பிராயத்தைக் கேட்டால், பிள்ளையை நிற்பாட்ட இடமில்லை என்பதற்காகக் கணித வகுப்புக்கு அனுப்புவது பிள்ளைக்கும் நல்லதில்லை, கணிதத்துக்கும் நல்லதில்லை. அனுப்பத்தான் வேண்டும் என்றால் இடையில் சோறு சாப்பிட ஓர் இடத்தை ஒழுங்கு செய்யுங்கள். காலை ஐந்தரைக்கு கட்டின இடியப்பத்தைப் பகல் இரண்டரைக்குத் திறந்தால் சொதி புளித்திருக்கும்.

படி 5: "யார்?" என்பதற்கு ஒரு பெயர்தான் இருக்க வேண்டும்

எங்கள் வீட்டுக் குளிர்சாதனப் பெட்டியில் ஒரு தாள் ஒட்டியிருக்கிறது. கிழமை நாட்கள் ஐந்து, ஒவ்வொன்றிலும் மூன்று கட்டம்: காலை, 11.30, 1.30. ஒவ்வொரு கட்டத்திலும் ஒரே ஒரு பெயர். "அம்மா அல்லது நானா" என்று எழுதக்கூடாது. இரண்டு பெயர் இருந்தால் ஒருவரும் போக மாட்டார்கள்.

மாற்றம் வந்தால் கட்டத்தில் பெயர் இருக்கிறவர்தான் மாற்று ஆளைப் பிடிக்க வேண்டும். பிடித்துவிட்டு எங்கள் வட்ஸ்அப் குழுவில் எழுத வேண்டும். குழுவில் நான், கணவர், என் தங்கச்சி, நானா. மற்றவர் "சரி" என்று எழுதினால்தான் மாற்றம் செல்லும். வாய்ச் சொல் செல்லாது, குளியலறைக் கதவுக்கு வெளியே நின்று சொன்னது அறவே செல்லாது.

வகுப்பாசிரியரிடம், பிள்ளையை ஏற்ற வரக்கூடியவர்களின் பெயரையும் தொலைபேசி இலக்கத்தையும் எழுதிக் கொடுங்கள். பட்டியலில் இல்லாத ஒருவரை அனுப்ப நேர்ந்தால், பிள்ளைக்கு மட்டும் தெரிந்த ஒரு சொல்லை அவரிடம் சொல்லி அனுப்புங்கள். எங்கள் மகன் தெரிவு செய்த சொல்லை இங்கே எழுத முடியாது. அது ஒரு பலகாரத்தின் பெயர் என்று மட்டும் சொல்கிறேன். தாய்மாமனே வந்தாலும் சொல் இல்லாவிட்டால் போகாதே என்று பழக்கியிருக்கிறோம். ஒருநாள் என் தம்பி வாசலில் இருபது நிமிடம் நின்றான்.

படி 6: வேலைத்தலத்தில் கேட்கவேண்டியதைக் கேளுங்கள்

அரச ஊழியர்களுக்கு மாதத்தில் இரண்டு குறுகிய லீவு உண்டு, ஒவ்வொன்றும் ஒன்றரை மணித்தியாலம். பலர் அதை மாத முதல் கிழமையிலேயே வங்கிக்கும் தையல்காரரிடமும் போய்க் கரைத்துவிடுவோம். நான் இரண்டையும் 20-ஆம் திகதி வரை தொடுவதில்லை. பிள்ளைக்குக் காய்ச்சல் என்று பதினொரு மணிக்குக் கோல் வந்தால் அப்போது கையில் ஒன்று இருக்க வேண்டும்.

மேலதிகாரியிடம் தவணை தொடக்கத்திலேயே விசயத்தைச் சொல்லிவிடுங்கள். கண்ணைக் கசக்கத் தேவையில்லை, நேரசூசியோடு போங்கள்: "சேர், இந்தத் தவணையில் எனக்கு இந்த நாலு நாட்கள் முந்திப் போக வேண்டி வரும், அந்த வேலையை முதல்நாளே முடித்துவிடுவேன்." திடீரென்று ஓடுகிறவரைவிட முன்கூட்டிச் சொல்கிறவருக்கு ஆம் என்று சொல்வது எவருக்கும் இலகு. தனியார் துறையில் இருப்பவர்களுக்கு இந்த லீவு விதி பொருந்தாது. உடன் வேலை செய்கிறவரோடு மதிய இடைவேளையை மாற்றிக்கொள்வது அங்கே கைகொடுக்கும்.

படி 7: வழமை இல்லாத நாட்களை முதலே குறியுங்கள்

தவணைப் பரீட்சை நாட்களில் விடுகிற நேரம் மாறும். இல்ல விளையாட்டுப் போட்டிப் பயிற்சி தொடங்கினால் மகள் வருகிற நேரம் மாறும். வாணி விழா அன்றைக்கு அவலும் கடலையுமாக முந்தியே வந்துவிடுவார்கள். பாடசாலை பரீட்சை நிலையமானால் பிள்ளைக்கு லீவு, உங்களுக்கு இல்லை. இதோடு ஹர்த்தால், ஆசிரியர் பணிப்பகிஷ்கரிப்பு.

எங்கள் மாவட்டத்தில் கவனிக்க வேண்டிய இன்னொன்று இருக்கிறது. முஸ்லிம் பாடசாலைகளுக்குத் தவணை அட்டவணை வேறு. நோன்பு மாதத்தில் அவர்களுக்கு விடுமுறை. காத்தான்குடியிலோ ஏறாவூரிலோ படிப்பிக்கிற தமிழ் ஆசிரியர் வீட்டில், அம்மாவுக்கு லீவு இருக்கும்போது பிள்ளைக்குப் பாடசாலை, பிள்ளைக்கு லீவு வரும்போது அம்மாவுக்கு வேலை. ஜனவரியிலேயே இரண்டு அட்டவணையையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தால், எந்தக் கிழமைகளில் பிள்ளை வீட்டில் தனித்துவிடும் என்று தெரிந்துவிடும். நோன்பு மாதத்தில் ஓட்டோ நானாக்களின் நேரமும் மாறும், அதையும் கேட்டுக்கொள்ளுங்கள்.

படி 8: மழைக் காலம் தனித் திட்டம்

ஐப்பசி பிறந்தால் எங்கள் பக்கம் வானம் நம்பிக்கைக்கு உரியதல்ல. கார்த்திகை, மார்கழியில் வெள்ளம். மழைக்கு என்று இரண்டாவது தாள் ஒன்று வைத்திருக்கிறோம். அந்தத் தாளில் எல்லாருக்கும் இருபது நிமிடம் கூட. பிள்ளையின் மேசும் ஒரு சோடிச் செருப்பும் பொலித்தீன் பையில் கட்டிப் புத்தகப்பையின் அடியில். சப்பாத்தைக் கழற்றிக் கையில் பிடித்துக்கொண்டு செருப்போடு போகச் சொல்லுங்கள். நனைந்த சப்பாத்து அடுத்த நாள் காலைக்குக் காயாது, அடுப்படியில் வைத்தாலும் காயாது.

இனிச் சொல்வதில் விட்டுக்கொடுப்பே இல்லை. வீதிக்கு மேலால் வெள்ளம் பாய்ந்தால் பிள்ளை போகாது. எந்த வாகனத்திலும் போகாது. 2024 நவம்பர் 26-ஆம் திகதி அம்பாறை மாவட்டத்தில் காரைதீவு–மாவடிப்பள்ளி வீதியில், மதரசாவில் இருந்து வீட்டுக்குத் திரும்பிய பிள்ளைகள் ஏறிய உழவு இயந்திரத்தை வெள்ளம் இழுத்துக்கொண்டு போனது. உழவு இயந்திரம் உயரமானது, பாரமானது, வெள்ளத்தைத் தாண்டிவிடும் என்றுதான் எல்லாரும் நினைத்திருப்பார்கள். என் கணவர் ஒவ்வொரு நாளும் வேலைக்குப் போகிற கல்முனைக்குப் பக்கத்து ஊர் அது.

பாதை ஏறுகிற பிள்ளைகளுக்கும் இதேதான். (வெளியூர்க்காரருக்காக: வாவியைக் கடக்க வாகனத்தையும் ஆளையும் ஏற்றுகிற மிதவைக்கு எங்களிடம் பெயர் பாதை.) மண்முனையில் 2014-இல் பாலம் வந்த பிறகு கொக்கட்டிச்சோலைக்காரருக்கு அந்தக் காத்திருப்பு இல்லாமல் போனது. குருமண்வெளி–மண்டூர், குருக்கள்மடம்–அம்பிலாந்துறைத் துறைகள் நீண்ட காலமாகப் பாதையை நம்பியிருப்பவை. 2021 நவம்பரில் கிண்ணியா குறிஞ்சாக்கேணியில் அப்படி ஒன்று கவிழ்ந்து பாடசாலைப் பிள்ளைகள் இறந்தார்கள். பாதையில் உயிர்காப்பு அங்கி இருக்கிறதா என்று பாருங்கள். ஆள் நிரம்பியிருந்தால் அடுத்ததுக்கு நில்லுங்கள்; அதற்காகப் பிந்தினால் பிந்தட்டும்.

படுவான்கரையின் உட்பகுதிகளில் இன்னொன்று, யானை. விடியும் முன் மோட்டார் சைக்கிளில் பிள்ளையை வைத்துக்கொண்டு தனியாகப் போகிறவர்கள், முன்னால் ஒரு வாகனம் போனபின் அதைப் பின்தொடர்ந்து போவதுதான் அந்தப் பக்க வழக்கம்.

படி 9: இரவு இருபது நிமிடம்

இதைப் பற்றி அதிகம் எழுத ஒன்றுமில்லை. உடுப்பு மினுக்குவது, தண்ணீர்ப் போத்தல் நிரப்புவது, பெற்றோல் பார்ப்பது. 2022-இல் வரிசையில் நின்ற ஞாபகத்தில், தாங்கி பாதிக்கு வந்தாலே நான் ஷெட்டுக்குள் திருப்பிவிடுவேன். திறப்புக்கு ஓர் ஆணி. "நாளைக்கு கடதாசிப் பெட்டி கொண்டு போகணும்" என்று பிள்ளை சொல்ல விரும்பினால் இரவு எட்டு மணிக்கு முன் சொல்ல வேண்டும் என்று விதி வைத்தோம். மகன் அதைக் காலை ஏழு மணிக்குப் பாலத்தில்தான் சொல்கிறான்.

படி 10: பெரிய பிள்ளையைத் தனியே விடப் பழக்குவது

மகள் தரம் 7-க்கு வந்தபோது பஸ்ஸில் போகத் தொடங்கினாள். எடுத்தவுடன் விடவில்லை. முதல் கிழமை என் தங்கச்சி அவளோடு ஏறி, பக்கத்தில் இருந்து போனாள். எந்தப் பஸ், எங்கே நிற்க வேண்டும், மிதிபலகையில் நிற்காதே, இறங்கிய பிறகு பஸ் போகும்வரை வீதியைக் கடக்காதே. இரண்டாம் கிழமை தங்கச்சி அதே பஸ்ஸில் ஏறினாள், ஆனால் பின் இருக்கையில், இருவரும் பேசக்கூடாது. மூன்றாம் கிழமை மகள் தனியே ஏறினாள், நான் மகனோடு ஸ்கூட்டியில் பின்னால் போனேன். நாலாம் கிழமை நான் அவளை ஆரையம்பதித் தரிப்பிடத்தில் விட்டுவிட்டு முன்னே போய்விட்டேன்.

பாடசாலைக்குக் கைபேசி கொண்டு போக முடியாது. அதனால் போய்ச் சேர்ந்ததைத் தெரிந்துகொள்ள ஒரு வழி வேண்டும். மகனை இறக்குகிற வாசலில் நான் 7.20 வரை நிற்பேன். அவள் வந்து தம்பியின் தலையில் ஒரு தட்டுத் தட்டிவிட்டுத் தன் பாடசாலைப் பக்கம் நடப்பாள். பகலில் நாவற்குடாவில் இறங்கி வீட்டுக்குள் போனதும் அம்மம்மாவின் போனில் இருந்து ஒரு மிஸ்ட் கோல். 2.10-க்குள் வராவிட்டால் நான் எடுப்பேன்.

முதல் நாள் 2.10 ஆனது, 2.15 ஆனது. கோல் இல்லை. நான் எடுத்தேன், அம்மா எடுக்கவில்லை. ஹெல்மெட்டைக் கையில் எடுத்துவிட்டேன். 2.20-க்கு அம்மா எடுத்தா: "வந்திட்டாள், சாப்பிட்டுக்கொண்டிருக்கிறாள். அந்த மிஸ்ட் கோலை எப்படி அடிக்கிறது என்று என்னட்டக் கேட்கிறாள், எனக்கும் தெரியல்ல." அந்தச் சனிக்கிழமை, அம்மம்மாவின் பொத்தான் போனில் 2-ஐ அழுத்திப் பிடித்தால் என் இலக்கத்துக்குப் போகிற மாதிரி கணவர் போட்டுக் கொடுத்தார்.